நிறுத்தமில்லாத இடத்தில்

வாடகைக் காருக்கு எண்பத்தெட்டு வெள்ளி.
நாளை காலை எட்டுக்குள் திருப்பித் தரவேண்டும்.
சாவி கொடுத்த பையன் கேட்டான், எங்கே போறீங்க?
சும்மா, ஒரு சுத்து.
எந்தப் பக்கம் போனாலும் நாற்பது நிமிஷத்தில் கடல் வந்துவிடும்,
இதற்கு எதற்கு இருபத்துநாலு மணி நேரம்
என்பதுபோல் பார்த்தான்.
அவன் கணக்கு சரிதான்,
நிற்காமல் போகிறவர்களுக்கு.

நானும் ருஸைனியும் பேருந்து ஓட்டுகிறவர்கள்.
ஒரே பணிமனை, வேறு வேறு தடம்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாய் விழும் விடுமுறை.
எங்கே கதவு திறக்கவேண்டும் என்று
யாரோ கம்பம் நட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.
வாசனை வருகிற இடத்தில் கம்பம் இருப்பதில்லை.

செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்கு
முட்டை எடுத்துப்போக மறந்துவிட்டோம்.
ஆளுக்கொரு வாளி, வாளிக்கு ஆறு முட்டை,
நாங்கள் மட்டும் வெறுங்கை.
இரவு வேலை முடித்த தாதியர் மூவர் பக்கத்தில்.
லிகாயா என்றாள் ஒருத்தி, பெயர் அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.
உங்ககிட்ட என்ன இருக்கு? மாத்திக்கலாம்.
ருஸைனி காருக்கு ஓடி
விடியலில் வாங்கிய நாசி லெமாக்கின் சம்பலைக் கொண்டுவந்தாள்,
பழுப்புத் தாளில் எண்ணெய் ஊறி, நெத்திலி ஒட்டிக்கொண்டு.
மூன்று முட்டை கிடைத்தது.
முட்டை அரைவேக்காடு, எங்கள் காலும் அரைவேக்காடு.
சோயா சாஸ் போத்தல் கைமாறிக் கைமாறி வந்தது,
யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.
தாளை வழித்து விரலைச் சப்பிய லிகாயா
இதை மட்டும் என் வார்டுக்குள்ள கொண்டுவந்துடாதே என்றாள்.

பிறகு கிராஞ்சி.
ஆட்டுப்பண்ணை நாற்றத்தை ஜன்னல் இறக்கி உள்ளே விட்டோம்.
பேருந்தில் ஜன்னல் திறக்காது.

லிம் சூ காங் சாலை. தூங்குமூஞ்சி மரங்கள்
தூங்கவில்லை, இரண்டு பக்கமும் எழுந்துவந்து
தலைக்குமேல் கைகோத்து நிற்கின்றன.
இது என் தடம்.
ஆயிரம் முறை தாண்டியிருக்கும், இந்தப் பச்சைக்குள்
கண்ணாடி பார்த்து, கடிகாரம் பார்த்துப் போயிருக்கிறேன்.
இடுகாட்டுத் திருப்பத்துக்குச் சற்று முன்னால்
சிவப்புக் குடை, மோட்டார் சைக்கிள், அதில் ஒட்டிய ஐஸ் பெட்டி.
பதினொன்று பத்துக்கு நான் இரண்டு விரல் தூக்குவேன்,
அவர் கத்தியைத் தூக்குவார்.
ஐந்து வருஷப் பழக்கம்.
குரல் கேட்டதில்லை.

காரை ஓரங்கட்டினேன்.
சோளமா, சேம்பா? என்றார்.
ஆளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்,
கண்ணாடிக்குப் பின்னால் இடுப்புக்கு மேலே மட்டும் இருப்பவளை?
காற்றில் ஒரு பெரிய வட்டத்தைப் பிடித்துக்கொண்டு
இரண்டு விரல் தூக்கிக் காட்டினேன்.

அலமாக், நீயா!
சிரித்த சிரிப்பில் பல்செட் நழுவியது.
ஓங் டெக் ஹோக் என்றார். வேதவல்லி என்றேன்.
மூன்று முறை முயன்று, வல்லி போதும் என்று நிறுத்திக்கொண்டார்.
சேம்புக் கட்டியை ஒரு விரல் கூடுதலாய் வெட்டி
ரோஜாவும் பச்சையும் ஓடிய ரொட்டியில் மடித்து
ஒன்றரை வெள்ளி கேட்டார். எண்ணி வாங்கிக்கொண்டார்.
தெரிந்த முகத்துக்குச் சலுகை கத்தியில்தான், கல்லாவில் இல்லை.
மார்ச்சுல மூணு வாரம் ஆளையே காணோமே?
முதுகு என்றேன்.
எனக்கு முழங்கால் என்றார்.
அதற்குமேல் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போது வந்தது என் பேருந்து.
என் பதினொன்று பத்து, நான்கு நிமிஷம் தாமதமாய்,
புதுப் பையன் ஒருவன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேரே.
நாங்கள் மூவரும் தூக்கினோம்:
இரண்டு விரல், ஒரு கத்தி, ருஸைனியின் பாதி தின்ற ரொட்டி.
கம்பம் இல்லாத இடத்தில் ஏன் கை காட்டுகிறார்கள் என்று
பாவம், வேகம் குறைத்தே விட்டான்.
போ போ என்று கத்தியாலேயே விசிறினார் ஓங்.
பெரிய உடம்பு ஒரு தும்மல் போட்டு
மரங்களுக்குள் போனது.

பார்த்துக்கிட்டே நிக்காதே,
ரொட்டி நனையுது, தின்னு.